நோம்பி சாட்டுதல்

அவருக்கு நைட் ஷிப்ட், நிட்டிங்கில்.
எனக்குப் பகல், செக்கிங்கில்.
பிச்சம்பாளையத்து லைன் வீட்டில் ஒரே பாய்.
காலை எட்டு மணிக்குத் தெருமுக்கில்
சாவியைக் கை மாற்றிக்கொள்வோம்.
புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும் அவருக்கு.
தட்டிவிட நேரமிருந்தால் தட்டிவிடுவேன்.

லேப்டாப்பும் ஒன்றுதான்.
நான் பன்னெண்டாவது படிக்கையில் கவர்மெண்டு கொடுத்தது.
கேமைத் திறந்தால் அதன் ஃபேன் இரைகிற இரைச்சலில்
நேரங்கெட்ட நேரத்தில் மாவாட்டுகிறோம் என்று
பக்கத்து வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குள் எங்களுக்கு ஒரு குடும்பம்.
மாடி வீடு, மஞ்சள் சுவர்.
அவன், அவள், ஒரு பூனை.
ராத்திரி நான் விட்ட இடத்திலிருந்து
காலையில் அவர் ஆடுவார்.
தங்களை நடத்துவது இரண்டு பேர் என்று
அதுகளுக்குத் தெரியாது.

அந்த ஊர்க் காலண்டரில்
காலியான நாளைத் தொட்டால் நோம்பி சாட்டலாம்.
பூசாரி வேண்டாம், கம்பம் வேண்டாம்,
தலைக்கட்டு வரி வேண்டாம்.
பேர் கேட்கும். படம் கேட்கும்.
(கரும்பு இல்லை, மாவிளக்கு இல்லை.
குடை இருந்தது, குடையை வைத்தேன்.)
அன்றைக்கு என்னென்ன செய்ய வேண்டும், ஐந்துக்குள் சொல்லச் சொல்லும்.
கடைசியில் ஒரு சின்னக் கட்டம்:
வேலைக்கு லீவா?
நான் முதலில் டிக் அடித்தது அதைத்தான்.

மதியம் தூங்குற நோம்பி என்று பேர் வைத்தேன்.
மறுநாள் திறந்தால்
அவர் அதை நடத்தி முடித்திருந்தார்.
பூனை வரைக்கும் தூங்கியெழுந்திருந்தது.
பக்கத்துக் கட்டத்தில் புதிதாக ஒன்று:
கோகிலவாணி மீன் வறுக்கிற நோம்பி.
விடியுமுன் எழுந்து மத்தி வறுத்துப்
போசியில் மூடிவைத்துவிட்டு ஓடினேன்.

அப்புறம்
சனிக்கிழமைச் சம்பளத்தைச் சனிக்கிழமையே தந்த நோம்பி.
தண்ணி வந்த நோம்பி.
அவங்கம்மா போன் பண்ணாத நோம்பி, நான் சாட்டியது.
அதை அவர் அழிக்கவில்லை,
அவங்கம்மாவை எங்கம்மா ஆக்கியிருந்தார்.

சாட்டிவிட்டுக் கொண்டாடாமல் விட்டால்
அந்த ரெண்டு பேர் தலைக்கு மேலும்
ஒரு வருத்தம் எழுதி நிற்கும், ரெண்டு நாளைக்கு.
எங்களுக்கு அப்படி எதுவும் தெரிவதில்லை.

ஐப்பசியில் சீட்டுப் பணத்தை எடுத்து
அவர் தம்பி பைக்குக்குக் கொடுத்துவிட்டார்.
கேட்டேன். கத்தினார். நானும் கத்தினேன்,
தெருமுக்கில், பால்காரர் பார்க்க.
ஒன்பது நாள்
சாவி மட்டும் கை மாறியது.
புருவத்துப் பஞ்சை அவரே தட்டிக்கொண்டார்.
காலண்டரில் ஒரு குடையும் இல்லை.
பூனைக்கு யார் சோறு வைத்தது என்று
இருவரும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் ராத்திரி திறந்தேன்.
வியாழக்கிழமையில் ஒரு குடை.
பேர் எழுதுகிற இடத்தில் வெறும் புள்ளி.
பேரில்லாமல் விட அது சம்மதிக்காது.
ஐந்தில் ஒன்றே ஒன்று:
சேர்ந்து சாப்பிடுவது.
லீவுக் கட்டத்தில் டிக் இல்லை.

மறந்தாரா,
கிடைக்காததை எதற்கு அடிப்பது என்று விட்டாரா,
அடிக்க வேண்டியது நான் என்று விட்டாரா.
ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது.

சூப்பர்வைசருக்கு போன் போட்டேன்.
"நாளைக்கு ஷிப்மெண்ட், தெரியுமில்ல?
அப்படியென்ன நோம்பி உங்களுக்கு மட்டும்?"
"பேர் இன்னும் வைக்கலீங்க" என்றேன்.

தெருமுக்கில் நின்று பார்த்திருப்பார்.
எட்டே முக்காலுக்கு வந்து
வாசலில் என் செருப்பைக் கண்டு
தப்பான வீடு போல நின்றார்.
இட்லி வைத்தேன்.
"சட்னி உறைக்குது" என்றார்,
ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை.
பைக்கைப் பற்றி நான் கேட்கவில்லை,
கேட்பேன், இன்றைக்கு இல்லை.

தூங்க வேண்டும் அவருக்கு.
பாயை விரித்துவிட்டு இருவரும் நின்றோம்.
கல்யாணமாகி மூன்று வருசம்.
சுவர்ப் பக்கம் யார் என்று
இன்னும் பேசி வைத்திருக்கவில்லை.